செம்பருத்தித் திரை தொங்கும் வீடு

ஈப்போவிலிருந்து நம் பத்திரிகை ஆசிரியர் போன மாதம் போன் செய்தார். பிறந்த ஊரை விட்டு வேறு ஊரில் வேர் பிடித்த கலைஞர்கள், அந்த ஊரில் தங்களுக்குப் பிடித்த ஐந்து இடங்களைப் பற்றி எழுதுகிறார்களாம். இடத்துக்கு ஒரு படம் வேண்டும். படத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். மெல்பர்னில் இருக்கிற தம்பி ஒருவர் கடற்கரையும் காப்பிக்கடையுமாக எழுதி அனுப்பிவிட்டாராம். "நீங்களும் அனுப்புங்கக்கா, இந்தியான்னா நல்ல கலரா இருக்கும்லா" என்றார்.

துணியில் மெழுகை ஊற்றிச் சாயம் போடுகிறவளைக் கலைஞர் என்று சொல்ல அவருக்கு மனசு இருந்தால் எனக்கென்ன வந்தது. பாத்திக் வேலையைக் குவாலா கங்சாரில் ஒரு மலாய்க்கார அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகி இங்கே வந்தபோது மற்றப் பெண்கள் பாத்திரம் கொண்டுவந்தார்கள், நான் மெழுகுப் பேனாக்களைக் கொண்டுவந்தேன். மாமியார் பார்த்துவிட்டு மோவாயில் கை வைத்துக்கொண்டார்.

நெய்வேலியை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. பழுப்பு நிலக்கரி தோண்டும் சுரங்கம், அதை எரித்துக் கரண்ட் எடுக்கும் நிலையங்கள், அங்கே வேலை பார்ப்பவர்களுக்காகக் கட்டிய டவுன்ஷிப். என் அப்பா ஈயக் கப்பலில், அதாவது குளத்தில் மிதந்தபடி ஈயம் தோண்டும் இயந்திரத்தில், வேலை பார்த்தவர். ஈயம் தோண்டிய ஊரில் பிறந்து நிலக்கரி தோண்டும் ஊருக்கு வாழ்க்கைப்பட்டேன். காடாம்புலியூரில் எங்கள் தூரத்து உறவுக்கு முந்திரித் தோப்பு இருந்தது. அந்த வழியில் வந்த சம்பந்தம். மாப்பிள்ளை சூசை சுரங்கத்தில் பெர்மனென்ட் என்று சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அப்பா தலையாட்டினார்.

டவுன்ஷிப்பைப் பிளாக் பிளாக்காகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பிளாக்கின் தெருவும் இன்னொரு பிளாக்கின் தெருவும் ஒரே அச்சு. குவார்ட்டர்ஸும் அப்படியே. சமையலறை இருக்கும் இடம், பின்வாசல் இருக்கும் இடம், முன்கேட்டின் கொக்கி வரைக்கும் ஒன்றுதான். அதனால் இங்கே வருகிற எல்லோரும் செய்கிற ஒரு தப்பு உண்டு. தெரு மாறி அடுத்தவர் வீட்டுக்குள் போய்விடுவார்கள். நானும் போனேன். வந்த புதிதில் ஒருநாள் கடைக்குப் போய்விட்டு வெயிலுக்குப் பயந்து பின்சந்து வழியாக வந்தேன். பின்வாசல் திறந்திருந்தது. நேரே சமையலறைக்குள் போய்க் கத்தரிக்காயைக் கொட்டிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து உலையும் வைத்தேன். லுங்கி கட்டிய மீசைக்காரர் ஒருவர் வந்து யாரம்மா நீ என்று கேட்டதும், என் வீட்டில் நின்றுகொண்டு என்னையே கேட்கிறாயா என்று அவரை ஒரு பிடி பிடித்தேன். அப்புறம் தெருவே கூடிச் சிரித்தது.

அன்று சாயங்காலம் சூசை சொன்னார்: "நீதான் துணியில இன்னாவோ படம் போடுவியே. ஒண்ணு போட்டு வாசல்ல மாட்டு. நைட் ஷிப்ட் முடிஞ்சி தூக்கக் கலக்கத்துல வரச்சொல்ல எனக்கும் வூடு தெரியணும்."

திரை ஒன்று செய்தேன். அடர்நீலத்தில் சிவப்புச் செம்பருத்தி, நம் மலேசியாவின் தேசியப் பூ. எட்டாம் பிளாக்கில் எங்கள் வாசலில் அது தொங்கிய காலமெல்லாம் அவர் ஒருநாளும் வீடு மாறியதில்லை.

இந்த ஊரில் யாருக்கும் சொந்த வீடு கிடையாது. ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அது தெரிந்தேதான் எல்லோரும் முருங்கை நடுகிறார்கள், மாதாவுக்கு மாடம் கட்டுகிறார்கள். நாங்களும் கிளம்பினோம். ரொம்ப தூரம் போக மனசில்லாமல் டவுன்ஷிப் நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு வெளியே ஒரு மனை வாங்கிக் கட்டினோம். புது வீட்டு வாசல் உயரம், பழைய திரை முழங்காலோடு நின்றுவிட்டது. மாதா கோவிலில் நடக்கும் பழைய சாமான் விற்பனைக்கு அதைக் கொடுத்துவிட்டேன். அடுத்த வருஷம் சூசைக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் சாவி, அப்புறம் கிழமை, அப்புறம் ஆட்கள்.

ஆசிரியரே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்த இடங்கள் என்று நீங்கள் கேட்டதும் மனசில் வந்தவை எல்லாம், காணாமல் போன என் வீட்டுக்காரரைத் தேடிப்போய் நான் கண்டுபிடித்த இடங்கள். வேறு எதுவும் இப்போது எனக்குப் பிடிப்பதில்லை.

1

எட்டாம் பிளாக் ஷிப்ட் பஸ் ஸ்டாப். தூங்குமூஞ்சி மரத்துக்குக் கீழே ஒரு சிமென்ட் பெஞ்ச். தைப்பிங் ஏரிக்கரையில் ரோட்டைத் தாண்டித் தண்ணீர் வரைக்கும் கை நீட்டிக்கொண்டு நிற்குமே, அதே ஜாதி மரம். வந்த புதிதில் ஊர் ஞாபகம் வந்தால் இங்கே வந்து உட்காருவேன். தெருப் பெண்களிடம் நம் வழக்கப்படி பசியாறியாச்சா என்று கேட்பேன். பசி என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு, பாவம், இவள் வீட்டில் சோறு போடவில்லை போலிருக்கிறது என்று ஒரு அம்மா தட்டில் இட்லி கொண்டுவந்து கொடுத்தார். சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

சூசை முதல் தடவை காணாமல் போனபோது இந்தப் பெஞ்சில்தான் கிடைத்தார். மடியில் காலி டிபன் கேரியர். இஸ்திரி போட்ட சட்டை, பித்தான் ஒன்று மாறி. பஸ் வந்து நிற்கும், ஆட்கள் ஏறுவார்கள், இவரும் எழுந்து போவார். டிரைவர் தெரிந்தவர், இறக்கிவிடுவார். திரும்பி வந்து அதே இடத்தில் உட்காருவார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ஷிப்ட் முடிந்துவிட்டது, வாங்க வீட்டுக்கு என்றேன். நம்பிக் கிளம்பினார். அன்றைக்குக் கற்றுக்கொண்ட பொய் அது. இன்றைக்கும் அதை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது.

2

மைன்ஸ் கேட். அதற்கு உள்ளே ஒரு மேடையிலிருந்து சுரங்கம் முழுக்கத் தெரியும். கல்யாணமான வருஷம் அனுமதி வாங்கிக் கூட்டிப்போய்க் காட்டினார். மேலே செம்மண், அதற்குக் கீழே மஞ்சள், அப்புறம் வெள்ளைக் களிமண், அடியில் கருப்பும் பழுப்புமாக நிலக்கரி. என் துணிகளில் இருக்கும் நிறமெல்லாம் அன்றைக்குப் பார்த்ததுதான். என்னைக் கேட்டால் சூசையின் மேல் எனக்கு ஆசை வந்ததும் அந்த மேடையில்தான். கல்யாணத்துக்கு வந்ததைச் சொல்லவில்லை, ஆசையைச் சொல்கிறேன்.

சுரங்கத்துக்கு அடியில் பெரிய நீரூற்று. இராப்பகலாகப் பம்ப் போட்டு இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் தண்ணீர் மேலே ஏறிவிடும். சூசை அந்தப் பம்புகளைப் பார்த்துக்கொண்டவர். இரண்டாவது தடவை அவர் காணாமல் போனபோது ஆட்டோ குமார்தான் இங்கே கூட்டிவந்தான். எங்கள் தெருக்காரன், எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் சலிக்காதவன். சூசை கேட்டில் நின்று காவல்காரப் பையனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பையன் கான்ட்ராக்ட், அவன் என்ன செய்வான், கார்டு கேட்கிறான். "பம்ப் நின்னுடுச்சின்னா தண்ணி ஏறிக்கினு வரும், உள்ள ஆளுங்க கீறாங்க, நீ பதில் சொல்வியா?" என்று சூசை அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

கார்டு இல்லாதவர் படும் பாடு எனக்குத் தெரியும். வந்த காலத்தில் நான் வெளிநாட்டுக்காரி. வருஷா வருஷம் கடலூர் போய்ப் போலீஸ் ஆபீஸில் பதிய வேண்டும். பெயர் லூர்து, பேச்சு தமிழ், பாஸ்போர்ட் மலேசியா. அங்கே இருந்தவருக்கு இந்த மூன்றும் சேரவே இல்லை. ஒவ்வொரு தடவையும் சொந்த ஊர் எது என்று முதலிலிருந்து கேட்பார். கடைசியில் வெறுத்துப்போய் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிப்போட்டேன். அது வந்த அன்று என் நீல ஐசி, மலேசிய அடையாள அட்டை, போனது. இப்போது ஈப்போவுக்கு வந்தாலும் நான் சுற்றுலாக்காரிதான், பிறந்த ஊரில் தங்குவதற்குக் கெடு வைத்து முத்திரை குத்துவார்கள்.

3

சுரங்கத்திலிருந்து இறைத்த தண்ணீர் ஓடும் வாய்க்கால். ஆழத்துத் தண்ணீர், கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். சாயத்துணியை இங்கே கொண்டுவந்து அலசினால் நிறம் தெளிந்து நிற்கும். செலின், எங்கள் ஒரே மகள், சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தக் கரையில்தான் துணிக்கு மறுமுனையைப் பிடிப்பாள். கை வலிக்கிறது என்று நடுவில் விட்டுவிடுவாள். துணி தண்ணீரோடு போகும், சூசை சட்டையோடு குதித்துப் பிடிப்பார். அப்படிச் சிரித்த சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றோ.

இங்கே அவர் மூன்றாவது தடவை கிடைத்ததை எழுதக் கை கூசுகிறது. பெண்கள் குளித்துக்கொண்டிருந்த பக்கம் போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கியிருக்கிறார். துணி போகுது, பிடி, துணி போகுது என்று கத்தியிருக்கிறார். அவர்களுக்கு என்ன தெரியும்? யாரோ கிழவன் வம்புக்கு வருகிறான் என்று ஆம்பிளைகளைக் கூப்பிட்டுவிட்டார்கள். நானும் குமாரும் போய்ச் சேர்ந்தபோது உதடு கிழிந்து உட்கார்ந்திருந்தார். அடித்தவனே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, தெரியாம பண்ணிட்டேம்மா என்று என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைத் திட்டவும் எனக்குத் தெம்பு இல்லை. ஜன்மத்தில் ஒரு பெண்ணை ஏறிட்டுப் பார்க்காத மனுஷனுக்கு இந்தப் பெயரும் வரவேண்டுமா? கடவுளுக்குக் கண் இருக்கிறதா என்று அன்றைக்குக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் உட்கார்ந்தும் அதையேதான் கேட்டேன்.

4

நான்காவதாக ஒரு இடம் எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் செலின் போன் செய்துவிட்டாள். ஆகையால் இது அவளைப் பற்றி.

நான் பிறந்த நாட்டில் இப்போது என் மகள் வேலை பார்க்கிறாள். நெய்வேலியில் பிறந்தவள் கோலாலம்பூரில், ஈப்போவில் பிறந்தவள் நெய்வேலியில். இதைச் சொல்லிச் சூசை எத்தனையோ தடவை சிரித்திருக்கிறார். அவள் பிள்ளைகளுக்கு மலாய் வருகிறது, ஆங்கிலம் வருகிறது. தாத்தாவிடம் பேசச் சொன்னால் போனைப் பார்த்துக் கையசைத்துவிட்டு ஓடிவிடும். செலின் தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள். டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பதில் வேறு பாடம் எடுத்துக்கொண்டாள், மார்க் நிறைய வரும் என்று.

கெட்ட பிள்ளை இல்லை. வாசலுக்கு இரும்பு கிரில் போட்டுப் பூட்டு வாங்கிக்கொடுத்தது அவள்தான். வாய்க்காலில் நடந்ததைக் கேட்டதும் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்துவிட்டுத் தீர்மானமாகச் சொன்னாள். "அம்மா, இன்னொரு வாட்டி அப்பா காணாமப் போனார்னா நான் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன். பாண்டி பக்கம் இருக்கிற இல்லத்துல பேசி வெச்சிருக்கேன். அவரை அங்க விட்டுட்டு உங்களை இங்க கூட்டிட்டு வந்துருவேன்."

அந்த இல்லத்துக்குப் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. அன்பான கன்னியாஸ்திரீகள். உள்ளே ஒரு பெரியவர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். யாரைக் கூப்பிடுகிறார் என்று கேட்டேன். அவருக்கே தெரியாதும்மா என்றார்கள்.

போன வியாழக்கிழமை சாயங்காலமும் செலின் கூப்பிட்டாள். பகலில் நாலைந்து தடவை அடித்தேன், எடுக்கவில்லையே, அப்பா எங்கே என்றாள். வீட்டில்தான் இருந்தார் என்றேன். அது பொய்யா உண்மையா என்று அடுத்ததைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். அவள் இருக்கிற நாட்டில்தான் இந்தப் பத்திரிகை வருகிறது. அவள் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது அவளைத் தெரிந்திருந்தால், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், சொல்லிவிடாதீர்கள். அவர் இல்லாமல் நான் எங்கே இருந்து என்ன செய்யப் போகிறேன்?

5

வியாழக்கிழமை காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. நான் மாடியில் மெழுகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். இறங்கிவந்து வாங்கிவைத்துவிட்டு, மெழுகு கருகும் வாசனை வரவே மேலே ஓடினேன். திரும்பி வந்தபோது கிரில் திறந்து கிடந்தது. டிபன் கேரியர் இல்லை.

குமார் வந்தான். பஸ் ஸ்டாப்பில் இல்லை. மைன்ஸ் கேட்டில் இல்லை, அந்தப் பையன் தலையை மட்டும் ஆட்டினான். வாய்க்கால் கரையை இறங்கி நடந்தே பார்த்தேன், தண்ணீரில் எது மிதந்தாலும் கிட்டே ஓடினேன். எட்டாம் பிளாக்கில் எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடந்தது. எனக்குத் தெரிந்த இடங்கள் அவ்வளவுதான். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மாதாவே, இல்லத்திலேயே விட்டுவிடுகிறேன், உயிரோடு கொடுத்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். வேண்டி முடிப்பதற்குள், இல்லை, அதுவும் மாட்டேன் என்றேன். ஆட்டோவில் உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, குமார் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் தூக்குக் கேரியரோடு பத்தொன்பதாம் பிளாக் பக்கம் நடந்து போனதாக ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இன்னொரு டிரைவர் குமாருக்குப் போனில் சொன்னார். அங்கே தெருத்தெருவாக மெதுவாக உருட்டிக்கொண்டு போனோம். ஒரே மாதிரி வீடுகள். மூன்றாவது தெருவில் கடைசிக்கு முந்தின வீட்டு வாசலில் என் செம்பருத்தி தொங்கிக்கொண்டிருந்தது. கோவில் விற்பனையில் யாரோ வாங்கிப்போனது, வெளுத்துப் போயிருந்தாலும் என் கை எனக்குத் தெரியாதா? வாசலில் சூசையின் செருப்பு, ஷிப்ட் முடிந்து வந்தால் எப்படி ஜோடியாகச் சுவரோரம் விடுவாரோ அப்படியே.

ஷகிலா என்று அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பெயர். வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலை, ஷிப்ட்டுக்குப் போயிருந்தார். அவள் கேட்டுக்கே ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரைய நீக்கிக்கினு நேரா வந்து உக்காந்துட்டாருங்கம்மா. நம்மூட்டுப் பெரியவராட்டம் டீ கேட்டாரு. பயந்துதான் போனேன். மொகத்தப் பாத்துட்டு டீ போட்டுக் குடுத்துட்டேன்" என்றாள். அவளுக்கு நான் எந்தப் பிறவியில் என்ன செய்தேனோ.

திரையை விலக்கி உள்ளே போனேன். சூசை நாற்காலியிலிருந்து எழுந்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"வாங்க, உக்காருங்க. யாரப் பாக்கணும்?"

பெயரை மறந்திருக்கிறார், கிழமையை மறந்திருக்கிறார். என் முகத்தை இதுவரை மறந்ததில்லை.

"எங்க வூட்டுக்காரிய பாக்க வந்தீங்களா? பின்னாடி சாயம் போட்டுகினு இருக்கா. இப்ப வந்துருவா, உக்காருங்க."

உட்கார்ந்தேன். எதிரே அவரும் உட்கார்ந்தார். நானும் என் வரவுக்காகக் காத்திருந்தேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அழுகையை அடக்க முடியவில்லை. அவர் தன் டீயை என் பக்கம் நகர்த்திவைத்து, தூரத்திலிருந்து வருகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார்.

"ஆமாங்க, மலேசியா."

"அப்பிடியா? எங்க வூட்லயும் மலேசியாதான்" என்றார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை.

எழுந்து வெளியே வந்தேன். கேட்டைத் தாண்டி, தெரு முனையைச் சுற்றிப் பின்சந்துக்குள் போனேன். யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. பின்வாசல், துவைக்கிற கல், குழாய், எல்லாம் அதனதன் இடத்தில். ஷகிலா புரிந்துகொண்டு தாழைத் திறந்துவைத்திருந்தாள். குழாயில் கையையும் முகத்தையும் கழுவினேன். முந்தானையைச் செருகிக்கொண்டு, ஈரக்கையைத் துடைத்தபடியே சமையலறை வழியாக முன்னறைக்கு வந்தேன். வந்துட்டீங்களா என்றேன்.

"எவ்ளோ நேரமா உக்காந்துகினு கீறேன். சாயத்துல எறங்கிட்டா உனக்குப் புருஷன் ஞாபகமே இருக்காது" என்றார் சூசை.

ஷகிலா தட்டில் சோறு போட்டு மீன்குழம்பு ஊற்றி என் கையில் கொடுத்தாள். அவருக்குப் பரிமாறினேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டார். எனக்குப் பயம் ஆரம்பித்தது. இதுவரைக்கும் கண்ட இடத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வீட்டில் இருக்கிறவரை எங்கே கூட்டிப்போவது? அடுத்த தடவை எந்தத் திரையைப் பார்த்து எந்த வாசலில் நுழைவார், அங்கே ஒரு ஷகிலா இருப்பாளா?

கடைசியில் செகண்ட் ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்றேன். உடனே எழுந்தார். ஷகிலா கேரியரில் சோறு அடைத்துக் கொடுத்தாள். குமாரை ஷிப்ட் பஸ் டிரைவர் என்று சொன்னதற்கு அவன் மூச்சுவிடாமல் தலையாட்டினான். ஆர்ச் கேட்டுக்கு வெளியே எங்கள் வீட்டில் அவரைக் கொண்டுபோய் விடுவது அவன் வேலை, நான் பின்னாலேயே இன்னொரு ஆட்டோவில் வந்துகொள்வதாக ஏற்பாடு. அந்த வாசலில் நின்று வழியனுப்பினேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு அடி வைத்தவர் திரும்பி வந்தார். திரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மறந்தே போயிட்டேன். உன்னப் பாக்க ஒரு அம்மா வந்துச்சி. உக்காந்து அழுதுகினே இருந்துச்சி, அப்புறம் சொல்லாம கொள்ளாம எழுந்து போயிடுச்சி. போக்கிடம் இல்லாத மாதிரி தெரிஞ்சிச்சி. மறுபடி வந்தா அனுப்பிடாத, நம்ம வூட்லயே இருக்கச் சொல்லு."

"சரிங்க, சொல்றேன்" என்றேன்.